ஆயாவுக்குப் பிடிபட்ட டெத் மெட்டல்

போன பிப்ரவரி கடைசியில் நடந்தது இது. பென்னாகரம் பக்கம் எங்க ஊரில் அது புளி தட்டுற சீசன். திண்ணையில் உட்கார்ந்து ஹெட்போனில் பாட்டு கேட்டுக்கிட்டு இருந்தேன். அதாவது ஹெட்போனில் கேட்பதாக நினைச்சுக்கிட்டு இருந்தேன். பின் சரியா மாட்டாததால் போன் ஸ்பீக்கரில் முழு சத்தத்தில் ஓடியிருக்கு. உள்ளே இருந்து அம்மா கத்தினாங்க: "எவன்டா அவன், தொண்டையில முள்ளு சிக்குன மாதிரி! நிறுத்துடா அதை."

ஆயா புளி தட்டுறதை நிறுத்திட்டு காதைக் கொடுத்தாங்க. "இரு இரு. உம் மாமனாரு துரியோதனன் வேஷம் கட்டிக்கிட்டு திரைக்குப் பின்னாடி நின்னு குரல் குடுக்குமே, அதே மாதிரி இருக்குது" என்று அம்மாவிடம் சொன்னாங்க. அப்புறம் என்னைப் பார்த்து, "யாரு கூத்துடா இது?" என்று கேட்டாங்க.

ஓடிக்கொண்டிருந்தது ருத்ரா என்ற சிங்கப்பூர் டெத் மெட்டல் குழு. ஹாஸ்டலில் இரண்டு வருஷமா என் ரூம்மேட்டுக்கு இந்த இசையைப் புரியவைக்க முயற்சி பண்ணித் தோற்றவன் நான். ஒரு நிமிஷத்தில் ஆயா எங்கே கொண்டு போய் வைத்தாங்க என்று யோசித்ததில் வந்ததுதான் இந்தக் கட்டுரை. பாடம் என்று சொல்லிவிட்டதால் கொஞ்சம் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸும் வரும். ஈசிஈ மக்கள் சகித்துக்கொள்ளவும், மெக்கானிக்கல் மக்கள் அந்தப் பகுதியைத் தாண்டிப் போனாலும் பரவாயில்லை.

முதல் ஆல்பம் ஏன் முக்கியம்

சினிமாப் பாட்டில் ஒருவருடைய முதல் ஆல்பம் என்றால் நமக்கு 1992-ன் 'ரோஜா' ஞாபகம் வரும். எக்ஸ்ட்ரீம் மெட்டல் உலகத்தில் முதல் ஆல்பத்துக்கு அதைவிட விநோதமான மரியாதை உண்டு. இந்த இசையின் வரலாறே முதல் ஆல்பங்களின் வரிசை மாதிரிதான் இருக்கும். ஸ்வீடனின் பாத்தரி 1984-ல் தன் பெயரிலேயே ஒன்று போட்டது. கலிபோர்னியாவின் பொசெஸ்டு 1985-ல் 'செவன் சர்ச்சஸ்' போட்டது, அதன் கடைசிப் பாட்டின் பெயரே 'டெத் மெட்டல்'. புளோரிடாவின் டெத் குழு 1987-ல் 'ஸ்க்ரீம் பிளடி கோர்'. அதே வருஷம் பர்மிங்காமில் இருந்து நேபாம் டெத்தின் 'ஸ்கம்'. 1989-ல் மார்பிட் ஏஞ்சலின் 'ஆல்டர்ஸ் ஆஃப் மேட்னஸ்'.

'ஸ்கம்' கதை மட்டும் கொஞ்சம் சொல்லணும், அவ்வளவு சுவாரசியம். 28 பாட்டு, மொத்தம் சுமார் 33 நிமிஷம். முதல் பக்கம் 1986 ஆகஸ்டில் பதிவானது, இரண்டாம் பக்கம் 1987 மே மாதம். இடையில் குழுவே மாறிப்போய், இரண்டு பக்கத்திலும் இருக்கிற ஒரே ஆள் டிரம்மர் மிக் ஹாரிஸ். அதில் 'யூ சஃபர்' என்கிற பாட்டு ஒரு செகண்டைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். உலகின் மிகச் சின்னப் பாட்டு என்று கின்னஸில் ஏறியது. காசு இல்லாத பசங்க, சரியாக ட்யூன் கூட ஆகாத கிட்டார்கள், ஆனால் அதற்குப் பிறகு "இதுக்கு மேல வேகமா வாசிக்க முடியாது" என்று யாரும் சொல்ல முடியாமல் போச்சு. முதல் ஆல்பத்தின் வேலை அதுதான். நல்லா இருக்கணும் என்பதைவிட, 'இதுவும் நடக்கும்' என்று காட்டுவது.

இந்த வரிசையில் இருக்கிற எல்லாக் குழுக்களுக்கும் ஒரு பொதுத் தன்மை இருக்கு. சத்தம் எவ்வளவு புதுசோ, சொன்ன விஷயம் அவ்வளவுக்குப் பழகிப்போனது: சாத்தான், பிணம், தலைகீழ் சிலுவை. (நேபாம் டெத் மட்டும் அரசியல் பேசியது.) சிலுவையோடு வளர்ந்தவனுக்குத்தான் தலைகீழ் சிலுவை ஒரு கலகம். காளியம்மன் கோயில் திருவிழாவில் ஆட்டுக் கிடா வெட்டுவதைத் தோளில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவனுக்கு அதில் என்ன அதிர்ச்சி? நம்ம சாமியே மண்டை ஓட்டு மாலை போட்டிருக்கு.

சிங்கப்பூர், 1992

இங்கே நாம் 'சின்னச் சின்ன ஆசை' கேட்டுக்கொண்டிருந்த அதே வருஷம் சிங்கப்பூரில் கதிர், சிவா, பாலா என்று மூன்று பேர் சேர்ந்து ருத்ராவைத் தொடங்கினார்கள். கதிர் பேஸ் கிட்டாரும் குரலும், சிவா டிரம்ஸ், பாலா கிட்டார். ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் பெயரின் நடுவில் கூடுதலாக ஒரு 'எச்' இருந்தது, பிறகு அதை எடுத்துவிட்டார்கள். நம்ம ஊரில் நியூமராலஜிக்காக எழுத்தைச் சேர்ப்பார்கள், இவர்கள் குறைத்தார்கள். 1994-ல் 'தி பாஸ்ட்' என்று ஒரு டெமோ. 1998-ல்தான் குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் ஆல்பம். ஆறு வருஷம் ஆகியிருக்கு.

அந்த ஆறு வருஷத்தின் சிங்கப்பூரைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. தமிழ் அங்கே நான்கு ஆட்சி மொழிகளில் ஒன்று. ரயில் நிலையப் பலகையிலும் பணத் தாளிலும் தமிழ் இருக்கும். ஆனால் இந்தியர்கள் மொத்தமே பத்துக்கு ஒருத்தருக்கும் கொஞ்சம் குறைவு. மெட்டல் கேட்கிறவர்கள் அதைவிடச் சிறிய கூட்டம், அதில் பெரும்பாலும் மலாய்ப் பசங்க. ஆக, சிறுபான்மைக்குள் ஒரு சிறுபான்மை. கச்சேரியில் ஒருத்தர் மேல் ஒருத்தர் மோதி ஆடும் 'ஸ்லாம் டான்ஸ்' ஆபத்து என்று 90-களின் தொடக்கத்தில் அரசாங்கம் தடை போட்டது. சப்ஸ்டேஷன் என்ற கலை மையம் 1990-ல் திறந்திருந்ததால் இந்த மாதிரிக் குழுக்களுக்கு வாசிக்க ஒரு இடமாவது கிடைத்தது.

அந்தச் சின்ன ஊரில் (ஊர்தானே, தர்மபுரி மாவட்டத்தில் ஆறில் ஒரு பங்குகூட இருக்காது) அப்போதே இரண்டு பெரிய தலைகள் இருந்தன: அப்ஹோரர், இம்பயட்டி. இரண்டின் முதல் ஆல்பமும் 1996-ல் வந்தது. இம்பயட்டி தன் ஆல்பத்துக்கு 'அசாதீருல் அவ்வலீன்' என்று அரபுத் தலைப்பு வைத்தது, முன்னோரின் கட்டுக்கதைகள் என்று பொருள். அதாவது பக்கத்துத் தெருப் பையன்கள் ஏற்கெனவே தன் வீட்டு வார்த்தையை எடுத்துக் கத்தத் தொடங்கியிருந்தார்கள். ருத்ராவும் அப்படித் தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தது. அங்கே கிடைத்தது உபநிடதமும் மந்திரமும்.

1998 ஆல்பம் அடிப்படையில் டெத் மெட்டல்தான். கொஞ்சம் த்ராஷ் வாடை அடிக்கும். வரிகள் பெரும்பாலும் ஆங்கிலம், நடுவே சமஸ்கிருத மந்திரங்கள், பேசும் விஷயம் ஆன்மா, மாயை, சிவன். தாங்கள் வாசிப்பதற்கு அவர்களே வைத்த பெயர் 'வேதிக் மெட்டல்'. இன்றைய காதுக்கு அதன் ஒலிப்பதிவு மெலிசாகத் தெரியும், அதை ஒத்துக்கொள்கிறேன். முதல் தடவை கேட்கிறவர்களுக்கு நான் இதைக் கொடுக்க மாட்டேன், 2005-ன் 'பிரம்மவித்யா: பிரைமார்டியல் ஐ' கொடுப்பேன். ஆனால் அந்த 2005 ஆல்பம் வருவதற்குக் கதவைத் திறந்தது இந்த 1998 தான்.

முன்னாடியே யாரும் செய்யவில்லையா? செய்தார்கள். இஸ்ரேலின் ஆர்ஃபன்டு லேண்ட் 1994-ல் 'சஹாரா' என்ற முதல் ஆல்பத்தில் மத்தியக் கிழக்கு இசையைக் கொண்டுவந்தது. பிரேசிலின் செபுல்டுரா 1996-ல் 'ரூட்ஸ்' ஆல்பத்துக்காக ஷவான்ட்டே பழங்குடி மக்களோடு போய்ப் பதிவு செய்தது. ஆனால் செபுல்டுராவுக்கு அது ஆறாவது ஆல்பம். பெயர் வாங்கி, உலகம் சுற்றி, பிறகு வேரைத் தேடிப் போனார்கள். ருத்ரா முதல் அடியையே அங்கிருந்து எடுத்து வைத்தது. எனக்கு இந்த வித்தியாசம் பெரிசாகப் படுகிறது.

லேப் ஹவர்: தம்பூராவும் டிஸ்டார்ஷனும்

இப்போ என்னை ரொம்ப நாள் தொந்தரவு பண்ணின கேள்வி. மந்திரத்தையும் டெத் மெட்டலையும் ஒன்றாகப் போட்டால் சாம்பார் மேல் ஐஸ்கிரீம் ஊற்றின மாதிரி இருக்கணுமே, ஏன் அப்படி இல்லை?

கிட்டாரின் தடித்த கம்பியைச் சாதாரண ட்யூனிங்கில் தட்டினால் 82.4 ஹெர்ட்ஸ். அந்த சிக்னலை ஆம்ப்ளிஃபையர் தாங்க முடியாத அளவுக்குப் பெருக்கினால் அலையின் மேல் நுனியும் கீழ் நுனியும் வெட்டுப்படும். அதுதான் கிளிப்பிங். வளைவாக இருந்த அலை சதுர அலை மாதிரி ஆகும், ஃபோரியர் தொடரில் படித்த மாதிரி மேல் ஹார்மானிக்ஸ் எல்லாம் முளைக்கும். டிஸ்டார்ஷன் என்பது இவ்வளவுதான். சாதாரண சவுண்ட் இன்ஜினியர் தவிர்க்கப் பாடுபடும் கோளாறை இவர்கள் வாத்தியமாக மாற்றினார்கள்.

அடுத்து, நான்-லீனியர் சிஸ்டத்தில் இரண்டு சுரங்களை ஒன்றாக அனுப்பினால் அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதிய சுரங்களாக வெளியே வரும். 82.4-ஐயும் அதன் பஞ்சமமான 123.6-ஐயும் சேர்த்து வாசியுங்கள். விகிதம் 2:3. கழித்தால் 41.2, அதாவது முதல் சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே, அதே சுரம். 82.4-ஐ இரட்டித்து 123.6-ஐக் கழித்தாலும் அதே 41.2 தான் வரும். 123.6-ஐ இரட்டித்து 82.4-ஐக் கழித்தால் 164.8, ஒரு ஸ்தாயி மேலே, அதுவும் அதே சுரம். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் சொந்தக்காரர்களே வருகிறார்கள். கிட்டாரில் இல்லாத ஒரு அடிச்சுரம் தானாக வந்து உட்காருவதால்தான் அந்தக் கனம்.

இதே இடத்தில் பஞ்சமத்துக்குப் பதில் பியானோ பாணியில் மேஜர் தேர்ட் போட்டால், நம்ம கணக்கில் அந்தர காந்தாரம், 103.8 ஹெர்ட்ஸ் வரும். இப்போ அதே கழித்தல்கள் 61-ம் 125.2-ம் தரும். பஞ்சமமும் கூட இருந்தால், 123.6-க்குப் பக்கத்தில் 125.2 வந்து நின்று இரண்டும் உரசி அதிரும். டிஸ்டார்ஷன் கூடக்கூட அது சேறாகிவிடும். ஆகவே மெட்டல்காரர்கள் காந்தாரத்தை விட்டுவிட்டு, சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் உள்ள 'பவர் கார்டு' என்பதையே பிடித்துக்கொண்டார்கள். ரசனையை விட, கணக்குதான் அவர்களை அங்கே தள்ளியது.

சட்ஜமும் பஞ்சமமும் மட்டும். இதை எங்கே கேட்டிருக்கோம்? தம்பூராவில். பஞ்சமம், சாரணை இரண்டு, மந்திர சட்ஜம் என்று நான்கு கம்பி, அதே 2:3 உறவு. தம்பூராவின் பாலத்தில் கம்பிக்கு அடியில் நூல் வைத்து வேண்டுமென்றே ஒரு ரீங்காரத்தைக் கொண்டுவருகிறோமே, அதுவும் மேல் ஹார்மானிக்ஸை எழுப்பும் வேலைதான். ஒரு பவர் கார்டை அடித்து அப்படியே இழுத்துப் பிடித்தால், முரட்டுத் தம்பூரா ஒன்று பின்னால் ஓடுகிறது என்று அர்த்தம். அதன் மேல் மந்திரம் வந்தால் ஏன் ஒட்டாது? வேத ஓதலும் உதாத்தம், அனுதாத்தம், ஸ்வரிதம் என்று மூன்று சுரத்துக்குள்ளேயே பெரும்பாலும் நடக்கும். மெலடி என்று ஓடிப் போகாது. டெத் மெட்டல் ரிஃப்பும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்துச் சுரங்களில் உழலும். இரண்டுக்கும் லயம்தான் முதுகெலும்பு.

குரலுக்கு வருவோம். டெத் மெட்டலின் உறுமலைத் தொண்டை கிழியக் கத்துவது என்று நினைக்கிறோம். அப்படிக் கத்தினால் இரண்டு பாட்டில் குரல் போய்விடும். உண்மையான குரல்நாண்களுக்குச் சற்று மேலே 'பொய்க் குரல்நாண்கள்' என்று இரண்டு மடிப்பு இருக்கு. பேசும்போது அவை சும்மா இருக்கும், உறுமும்போது அவையும் சேர்ந்து அதிரும். காற்றை உதரவிதானத்தில் இருந்து அழுத்தித் தரணும். யூட்யூபில் இதைச் சொல்லிக்கொடுக்கும் வெள்ளைக்கார வாத்தியார்கள் எல்லாரும் சொல்லும் முதல் விதி, தொண்டையில் சக்தி போடாதே, வயிற்றில் இருந்து கொடு.

எங்க தாத்தா, கூத்துக்காரர். நான் அஞ்சாவது படிக்கும்போது ஒரு நாள் அவர் மாதிரி கத்திக் காட்டினேன். தலையில் ஒரு தட்டு தட்டிச் சொன்னார்: "தொண்டையில கத்தறவன் விடியறதுக்குள்ள ஊமையாயிடுவான். அடிவயித்துல இருந்து எடு." ராத்திரி பத்து மணிக்கு அரிதாரம் பூசி, கட்டையும் புஜமும் கிரீடமும் கட்டி, திரைக்குப் பின்னால் நின்று முகவீணைக்கு மேலே குரல் எழுப்பி, விடியும் வரைக்கும் மைக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடைசி வரிசைக்குக் கேட்கணும். நூறு வருஷத்துக்கு மேலாக இந்தப் பக்கம் அது நடக்குது. ஆயாவுக்கு இது தெரியும். எனக்கு ஏன் தெரியவில்லை என்பதுதான் கொஞ்சம் உறுத்தல்.

யாருடைய மந்திரம்

இதுவரைக்கும் ரசிகனாக எழுதினேன். இனி கொஞ்சம் சண்டை.

ருத்ரன் என்ற சொல்லுக்கு மரபில் சொல்லும் வேர் 'ருத்', அழுதல், அலறுதல். அலறுகிறவன். ஒரு டெத் மெட்டல் குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எந்த மொழியிலும் கிடைக்காது. கிருஷ்ண யஜுர் வேதத்தின் தைத்திரீய சம்ஹிதையில் ஸ்ரீருத்ரம் இருக்கு. சிவன் கோயில் அபிஷேகத்தில் கேட்டிருப்பீர்கள். அதன் அர்த்தத்தை மொழிபெயர்ப்பில் வாசித்தபோது ஆடிப்போனேன். திருடர்களின் தலைவனாக இருப்பவனுக்கு வணக்கம் என்கிறது. தச்சர், தேர் செய்பவர், குயவர், கொல்லர், வேடர், நாய் வளர்ப்போர் என்று ஒவ்வொருத்தராகச் சொல்லி, அவர்களாக இருக்கிற உனக்கு வணக்கம் என்கிறது. இப்படி ஒரு பாட்டு இருக்கு. ஆனால் அந்தக் குயவரும் கொல்லரும் வேடரும் காலங்காலமாக அதை ஓதக் கூடாது என்றுதான் இருந்தது. நம்ம மாநிலத்தில் எல்லாச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்பதற்கு 1970-ல் சட்டம் வந்து, ஆகமப் பள்ளியில் பயின்ற பிற சாதியினர் பரவலாகப் பணி நியமனம் பெற 2021 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தப் பின்னணியில் ஒருத்தர் பேஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டு, யாரிடமும் அனுமதி கேட்காமல், பொய்க் குரல்நாணில் மந்திரத்தை உறுமுகிறார் என்றால் அது சின்ன விஷயம் இல்ல. "சாமி மந்திரத்தை இப்படியா கேவலப்படுத்துறது" என்று என் நண்பன் ஒருத்தன் கோபப்பட்டான். எனக்கு அது கேவலமாகத் தெரியவில்லை. கதிர் விளையாட்டுக்கு இதைச் செய்தவரும் இல்ல. வேதாந்தத்தை முறையாகப் படித்து, பிற்பாடு அதையும் தியானத்தையும் கற்பிக்கிறவராகவும் அதைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவராகவும் ஆனவர். 2005, 2009, 2011 என்று மூன்று 'பிரம்மவித்யா' ஆல்பங்கள் அந்தப் படிப்பில் இருந்து வந்தவை.

ஆனால் என் மனத்தாங்கல் வேறு. மூன்று தமிழ்ப் பெயர்கள், தமிழ் ஆட்சி மொழியாக இருக்கும் ஒரு நாடு, வாயைத் திறந்தால் ஒன்று ஆங்கிலம், இல்லையென்றால் சமஸ்கிருதம். தமிழ் எங்கே போச்சு? உலகம் முழுக்கக் கேட்க ஆங்கிலம் வேண்டும், சரி. 'நம்முடையது' என்று காட்ட வந்த இடத்தில் ஏன் சமஸ்கிருதம்? 2001-ல் வந்த இரண்டாம் ஆல்பத்தின் தலைப்பு 'தி ஆரியன் குரூசேட்'. சமஸ்கிருதத்தில் 'ஆரிய' என்றால் மேன்மையான என்று பொருள் சொல்லலாம், சொல்கிறார்கள். இருந்தாலும் தமிழ்நாட்டில் எந்த டீக்கடையில் இந்தத் தலைப்பை உரக்கச் சொன்னாலும் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஐரோப்பாவில் அந்தச் சொல்லுக்கு இருக்கிற நாற்றம் தனி. நல்ல ஆல்பத்துக்கு வைத்த மோசமான தலைப்பு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இந்தச் சிக்கலை நான் மட்டும் யோசிக்கவில்லை. சிங்கப்பூர் இசை ஆய்வாளர் யூஜின் தைரியநாதன் வேதிக் மெட்டலையும் அங்குள்ள தென்னிந்தியச் சமூகத்தையும் அடையாளம் என்ற கோணத்தில் வைத்து 2009-ல் ஓர் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டார். ஒரு டெத் மெட்டல் குழு ஆய்விதழில் ஏறுவது எப்போதாவது நடப்பது. சிங்கப்பூரில் 'இந்தியன்' என்ற ஒரே பெட்டிக்குள் தமிழர், மலையாளி, பஞ்சாபி எல்லாரையும் போட்டு மூடும்போது, சமஸ்கிருதம் எல்லாருக்கும் பொதுவான சாவி மாதிரி தெரிந்திருக்கலாம். இது என் ஊகம். தர்மபுரியில் இருந்துகொண்டு அவர்களிடம் "ஏன்பா தமிழ்ல பாடலை" என்று கேட்பது சுலபம். தமிழ் இங்கே தண்ணீர் மாதிரி, ஒகேனக்கல் பைப்பைத் திறந்தால் வரும்.

படுகளம்

2003-ல் வந்த மூன்றாம் ஆல்பத்தின் பெயர் 'குருக்ஷேத்ரா'. தலைப்பே பாரதப் போர்க்களம். இதை ஆயாவிடம் சொன்னபோது, "பதினெட்டாம் நாளும் உண்டா?" என்று கேட்டாங்க. எங்க பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் தெரியாதவர்களுக்கு: பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசி நாள் காலையில் படுகளம். தரையில் மண்ணால் துரியோதனனை இருபது முப்பது அடிக்கு மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். பீமன் வேஷக்காரர் தொடையில் அடிப்பார், பாஞ்சாலி கூந்தல் முடிவாள், பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள், சிலருக்கு அருள் வந்துவிடும். சாயங்காலம் தீமிதி.

இந்த வருஷம் சித்திரையில் பக்கத்து ஊரில் படுகளம். தாத்தா போய் இரண்டு வருஷம் ஆச்சு, அவர் கட்டிய துரியோதனன் வேஷத்தை இப்போ அவரிடம் கற்றுக்கொண்ட ஒருத்தர் கட்டுகிறார். முதல் நாள் ராத்திரியே போய் உட்கார்ந்தேன். இரண்டு பேர் திரையைப் பிடிக்க, கிரீடத்தின் நுனி மட்டும் தெரிய, உள்ளே இருந்து அந்தக் குரல். மத்தளக்காரர் வேகம் ஏற்ற ஏற்ற, கையைத் தட்டி மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஒரு கட்டத்தில் செகண்டுக்கு எட்டு ஒன்பது அடி. மிக் ஹாரிஸ் மாதிரி ஆட்கள் வாசிக்கிற பிளாஸ்ட் பீட்டை நிமிஷத்துக்கு 200 என்று வைத்து, பீட்டுக்கு நான்கு அடி போட்டால் செகண்டுக்குப் பதிமூன்று வரும். தோல் வாத்தியத்தில் வெறுங்கையால் எட்டு ஒன்பது என்பது குறைச்சல் இல்ல. பின்னால் என் அம்மா வயசுப் பெண் ஒருத்தர் தலையை ஆட்டத் தொடங்கினார். இதே தலையாட்டலை மெட்டல் கச்சேரியில் ஹெட் பேங்கிங் என்று சொல்லி டி-ஷர்ட் விற்கிறார்கள்.

ஆடியன்ஸில் கல்லூரி வயசில் நான் எண்ணியது ஏழு பேர். அதில் நான்கு பேர் ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் போனைத்தான் நீட்டினேன், ஆனால் ஆடியோ மட்டும்.

ஹாஸ்டலுக்கு வந்து ரூம்மேட்டிடம் ஒன்றும் சொல்லாமல் போட்டுக் காட்டினேன். இரண்டு நிமிஷம் கேட்டான். "இதுவும் அந்த சிங்கப்பூர் பேண்டா? முதல்ல காட்டினதைவிட இது செமயா இருக்குடா" என்றான். இல்லடா, நம்ம பஸ் ரூட்டில் இருக்கிற ஊர் என்றேன். நம்பவில்லை. லேப்டாப்பில் ஆடாசிட்டியில் அந்த ஃபைலைத் திறந்து பெரிதாக்கினேன். கம்பத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் ராத்திரி முழுக்கத் தாங்காமல் கதறிக்கொண்டிருந்தது, என் போன் மைக்கும் அதோடு சேர்ந்து திணறியிருக்கு. துரியோதனன் திரைக்குப் பின்னால் குரல் எடுக்கிற இடத்தில் அலை மேலேயும் கீழேயும் கத்தரிக்கோலால் வெட்டின மாதிரித் தட்டையாக இருந்தது.